தெருவுக்கே சொந்தமான மச்சம்

எங்கள் அம்மாவின் மேலுதட்டுக்கு மேலே, இடது பக்கம், ஒரு மச்சம் இருந்தது. இருந்தது அம்மாவின் முகத்தில்தான் என்றாலும் அது அம்மாவுக்குச் சொந்தமில்லை. முதலில் அது எங்கள் நைனாவுக்குச் சொந்தமாக இருந்தது. பிறகு மெல்ல மெல்ல, சென்னைக்கு மேற்கே நூம்பலில் எங்கள் தெருவில் இருந்த பதினாறு வீடுகளுக்கும் சொந்தமாகிவிட்டது. அதை எடுத்துவிட வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்ட பிறகுதான் அதில் எத்தனை பேருக்குப் பங்கு இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரிந்தது.

நைனா வீட்டார் குத்தம்பாக்கத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்று, கூட்டத்தோடு வந்த யாரோ ஒருவர், "பொண்ணுக்கு மச்சம் சரியான எடத்துல கீதுப்பா, மாப்ளைக்கு யோகம்தான்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது தட்டுக் கேசரி வாங்கிச் சாப்பிட்டாராம். கேசரிக்காகச் சொன்னாரோ, மச்சத்துக்காகச் சொன்னாரோ, தெரியாது. ஆனால் கல்யாணமான நாற்பதாம் நாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் நைனாவுக்கு வேலை நிரந்தரமானது. அதுவரை அவர் வீட்டில் யாருக்கும் மாதச் சம்பளம் என்று ஒன்று வந்ததில்லை. எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். பிறகு அந்த வயல்களையே மனை போட்டு, கம்பெனி ஆட்கள் சேர்ந்து குலுக்கல் நடத்தியபோது நைனாவுக்கு மூலை மனை விழுந்தது. இரண்டுக்கும் காரணம் மச்சம். ஐந்து வருடம் தற்காலிகத் தொழிலாளியாக இடுப்பொடிய உழைத்ததை மட்டும் அவர் சுத்தமாக மறந்துவிட்டார்.

தினமும் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது நைனா சைக்கிளை கேட்டுக்கு வெளியே நிறுத்திக்கொண்டு, "இந்தாமே, வா" என்பார். அம்மா வந்து எதிரில் நிற்பாள். அவர் அந்த மச்சத்தை இரண்டு விநாடி பார்ப்பார், கம்பெனியில் கார்டு பஞ்ச் அடிப்பது போல. பிறகு மிதித்துக்கொண்டு போய்விடுவார். மழையானாலும், அம்மாவுக்குக் காய்ச்சலானாலும் இது நடந்தாக வேண்டும். ஒருமுறை இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. மூன்று நாள் பேச்சே இல்லை. அந்த மூன்று நாளும் அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்து நின்றாள், அவரும் மச்சத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

தெருவுக்கு இது எப்படிப் பரவியது என்றால், எதிர்வீட்டுக்காரரால்தான். அவர் கவர்மெண்டு வேலைக்கு இண்டர்வியூ போன காலையில் அம்மா அடிபம்பில் தண்ணீர் பிடித்து, நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வந்திருக்கிறாள். வேலை கிடைத்துவிட்டது. அவ்வளவுதான், அன்றிலிருந்து அம்மாவுக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது, சம்பளமில்லாமல்.

"யக்கா, நாளைக்கு புள்ளைக்கு பரிச்சை, ஏழரைக்கு கொஞ்சம் எதுக்கால வாங்க." "யக்கா, மாப்ள ஊட்டுக்குப் போறோம், குடத்தோட வாங்க." வெறுங்குடத்தோடு வரக்கூடாது. ஆகவே அம்மா, வீட்டில் தண்ணீர் நிறைந்திருந்தாலும் குடத்தை எடுத்துக்கொண்டு போய், அடித்து நிரப்பி, எதிரே நடந்து வந்து, பிறகு அந்தத் தண்ணீரை வாழைக்கு ஊற்றுவாள். ஒருநாள் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள், ஒருவர் வேலப்பன்சாவடி பஸ் ஸ்டாப் பக்கம், இன்னொருவர் திருவேற்காடு பக்கம். அம்மா தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறையும், அங்கிருந்து திரும்ப ஒருமுறையும் குடத்தைச் சுமந்து நடந்தாள். எங்கள் வாழை அந்த வருடம் நன்றாகக் குலை தள்ளியது.

இதற்கிடையில் மச்சம் சும்மா இருக்கவில்லை. கல்யாணத்தின்போது கடுகளவு இருந்ததாம். நான் பிளஸ் டூ முடித்துப் பூந்தமல்லியில் டைப்ரைட்டிங் கிளாஸ் போன நாட்களில் அது நல்ல கொத்துமல்லி விதையளவுக்கு உப்பியிருந்தது. அதிலிருந்து இரண்டு முடி வேறு. பஸ்ஸில் அம்மா யார் கைக்குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாலும் குழந்தை முதலில் அதைத்தான் பிடித்து இழுக்கும். பெற்றவள் சிரிப்பாள், அம்மாவும் சிரிப்பாள்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். குமணன்சாவடி சந்திப்பில், ஒரு டைலர் கடைக்கு மேலே மாடியில் பியூட்டி பார்லர் திறந்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக்கு அதுதான் முதல். பச்சைத் திரை போட்ட கதவு, காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு பெண்ணின் முகம், உள்ளே ஒரு சுழல் நாற்காலி. நடத்தியது ஒரு கிறிஸ்தவப் பெண். கோர்ஸ் முடித்த சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாள். புருவத்துக்கு நூல் போடுவது, பிளீச், ஃபேஷியல் என்று மூன்றுதான் அங்கே. அதற்கே எங்கள் தெரு இரண்டுபட்டது.

ஆண்கள் எல்லோரும் ஒரே கட்சி. புருவத்தைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்றார்கள். பிளீச் போட்டால் நாற்பது வயதில் முகம் வெந்த கத்தரிக்காய் ஆகிவிடும் என்றார்கள். எங்கள் நைனா ஒருபடி மேலே போய், "ஆண்டவன் குடுத்த மூஞ்சில கை வெக்கிறதுக்கு இவளுங்க யாரு?" என்று கேட்டார். கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு மீசைக்கு மை அடித்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் வாய் திறக்கவில்லை. வாயே திறக்காமல் மாடி ஏறினார்கள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு விருட்டென்று ஏறுவார்கள். யாராவது பார்த்துவிட்டால், "டைலர்கிட்ட பிளவுஸ் குடுக்க வந்தேன்" என்பதுதான் எல்லோருக்கும் பொதுவான பதில். அந்த வருடம் எங்கள் தெருவிலிருந்து போன பிளவுஸ்களுக்குக் கணக்கே இல்லை. டைலர் மட்டும், கீழே உட்கார்ந்தபடி, இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாம் ஏன் துணியே தருவதில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். மூலைவீட்டு அக்கா ஒருநாள் பிளீச் செய்துகொண்டு, மேலுதட்டு ரோமமெல்லாம் பொன்னிறமாகத் திரும்பி வந்தாள். "ஊருக்குப் போயிருந்தேன், தண்ணி மாறிச்சு" என்றாள். எல்லோரும் தலையாட்டினோம். அடுத்த வாரம் இன்னும் நான்கு பேருக்குத் தண்ணீர் மாறியது.

நானும் போனேன். மறைப்பானேன்? ஒரு புருவம் முடிந்து இரண்டாவதில் பாதி ஆனபோது வலி தாங்காமல் எழுந்து ஓடி வந்துவிட்டேன். பத்து நாள் ஒருபக்கம் மட்டும் ஏதோ அதிசயத்தைப் பார்த்தவள் மாதிரி திரிந்தேன். நைனா கவனிக்கவே இல்லை. அவர் யார் முகத்தையும் முழுதாகப் பார்க்கிறவர் இல்லை என்பது எனக்கு அப்போது சௌகரியமாக இருந்தது.

அம்மா இந்த எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவளை மாற்றியது ஒரு வீடியோ கேசட்.

குத்தம்பாக்கத்தில் சித்தி மகளுக்குக் கல்யாணம். வீடியோக்காரர் வந்திருந்தார். பெரிய லைட்டை ஒருவர் தூக்கிக்கொள்ள, இன்னொருவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓட, மூன்று பேரும் பந்தியில் சாப்பிடுகிறவர்களை வெளிச்சத்தால் வாட்டி எடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து கேசட் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு டெக் எடுத்து, சித்தி வீட்டில் முப்பது பேர் உட்கார்ந்து பார்த்தோம்.

பந்திக் காட்சி வந்தது. எங்கள் அம்மா பாயசம் குடித்துக்கொண்டிருந்தாள். வீடியோக்காரருக்கு என்ன தோன்றியதோ, அப்படியே அம்மாவின் மச்சத்தை நோக்கிப் பெரிதாக்கிக்கொண்டே போனார். டிவி முழுக்க மச்சம். அம்மா குடிக்கக் குடிக்க அது மேலே போகும், கீழே வரும். அது போதாதென்று, மிக்ஸிங் செய்யும்போது அதைச் சுற்றி ஒரு தாமரைப்பூவை வேறு வைத்துச் சுழல விட்டிருந்தார். முப்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். பிறகு தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று பின்கட்டுக்குப் போனவள் கேசட் முடியும்வரை வரவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். புழுதிக்காக என்று நினைத்தேன். குமணன்சாவடி தாண்டியதும் சொன்னாள்.

"அதுல நான் எங்கடி கீறேன்? மச்சம்தான் பாயசம் குடிக்குது. நான் சும்மா கூடப் போயிருக்கேன்."

எனக்கு அப்போதும் சிரிப்பு வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

அந்த வாரமே அம்மா நைனாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கையிலிருந்த சோற்றுருண்டை வாய்க்குப் போகாமல் நின்றது. கத்தவில்லை. அம்மா மூலை மனையையே விற்கப் போகிறாள் என்கிற மாதிரி பயந்துபோய்ப் பார்த்தார்.

"சூப்பர்வைசர் இண்டர்வியூ வருதுமே. அது முடியட்டும். அப்பால நீ இன்னா ஓணுமோ செஞ்சிக்கோ."

நியாயமாகத்தான் பட்டது. அம்மா ஒத்துக்கொண்டாள். ஆனால் இண்டர்வியூ தள்ளிப்போனது. அதற்குள் செய்தி தெருவுக்குப் போய்விட்டது. முதலில் எதிர்வீட்டம்மா வந்தாள்: மகள் மாசமாக இருக்கிறாள், பிரசவத்துக்குக் கிளம்பும்போது எதிரே வர ஆள் வேண்டும், அதுவரை பொறுக்கணும். பிறகு மூலைவீட்டு அக்கா: புருஷனுக்கு சவுதி விசா. அடுத்தது, மூன்று முறை எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய ஒரு பையனின் அப்பா. அம்மா எல்லோருக்கும் சரி என்றாள். பிரசவம் ஆனது, விசா வந்தது, பையன் நான்காம் முறையும் கணக்கில் போனான். அதற்கு மச்சம் பொறுப்பல்ல, அவன்தான் போகும்போது அம்மாவைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அவன் வீட்டிலேயே முடிவு செய்தார்கள்.

இன்னொருத்தியும் அந்த வரிசையில் நின்றாள். நான்தான். "எனக்கு டைப்ரைட்டிங் ஹையர் பரிச்சை கீதும்மா, அது முடியட்டுமே" என்றேன். அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். "நீயுமாடி?" என்று மட்டும் கேட்டாள். பரீட்சைக்கு எதிரே வந்து நின்றாள். நான் பாஸானேன். ஐந்து மாதம் விடாமல் மிஷினில் தட்டியதால் பாஸானேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

இப்படி எட்டு மாதம் ஓடியது. வெளியே போனால் அம்மாவின் கை தானாக முந்தானைக்குப் போய்விடும். போட்டோ எடுத்தால் திரும்பிக்கொள்வாள். பாத்திரக் கடையில் எவர்சில்வர் தட்டை வாங்கும்போது எல்லோரும் தட்டிப் பார்ப்பார்கள். அம்மா அதைத் தன் முகம் தெரியாதபடி சாய்த்துப் பிடித்துத் தட்டுவாள்.

ஒருநாள் காலையில், தெருக்கோடியில் மாடு வைத்திருந்தவர் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப மரியாதையாக நின்றார்.

"யம்மா, ஒரு சின்ன விசயம். எங்க எரும சினையா கீது. இந்த மாசம் கன்னு போட்டுடும். அதுவரிக்கும் கொஞ்சம்..."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

"எருமைக்குமா?" என்றாள்.

அவர் போனதும் அம்மா முறத்தைச் சுவரில் சாய்த்துவைத்தாள். பிறகு, "நாளைக்கு உனக்கு கிளாசு கீதா? போவாத. என்கூட வா" என்றாள்.

மறுநாள் நைனா வழக்கம்போல மச்சத்தைப் பார்த்துவிட்டு ஷிஃப்டுக்குப் போனதும் நாங்கள் கிளம்பினோம். வழியில் யார் கேட்டாலும் சொல்ல பதில் தயாராக இருந்தது: டைலர் கடைக்கு. அம்மா உண்மையாகவே ஒரு பிளவுஸ் துணியை எடுத்து வந்திருந்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். டைலரிடம் அளவு கொடுத்துவிட்டுத்தான் மாடி ஏறினாள். அவருக்கு ஒரே சந்தோஷம்.

பார்லர் பெண் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, லைட்டைத் திருப்பி, விரலால் மச்சத்தை மெல்ல அசைத்துப் பார்த்தாள். "வலிக்குதாக்கா?" என்று கேட்டாள். இருபது வருடத்தில் அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்டவள் அவள்தான்.

"இத நான் தொடக்கூடாதுக்கா. வேர் கீது. சில பேரு சுண்ணாம்பு தடவி சுட்டுடுவாங்க, அப்படி எல்லாம் பண்ணிடாதீங்க. அண்ணா நகர்ல தோல் டாக்டர் ஒருத்தரு கீறாரு, அவருகிட்ட போங்க" என்று ஒரு துண்டுச் சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்தாள். அம்மா வெறும் கையோடு இறங்க மனமில்லாமல், "சரி, புருவத்துக்கு நூல் போடு" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முனகல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். பாதியில் ஓடியவளுக்கு, அதாவது எனக்கு, ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது.

அப்படியே பஸ் ஏறிப் போனோம். அண்ணா நகர் டாக்டர் அவசரக்காரர். ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கும்மா எடுக்கணும்? அரிக்குதா? ரத்தம் வருதா?"

"இல்ல சார்."

"அப்புறம்?"

"எனக்குப் பிடிக்கல."

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மச்சம் என் மூஞ்சில கீது சார். அவரு மூஞ்சில இல்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் கையுறையை மாட்டினார்.

கரண்டு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நகை இருக்கக்கூடாது என்று மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார். ஏழு கல் மூக்குத்தி. அம்மாவே திருகைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். மரத்துப்போக ஊசி போட்டு, அடியோடு சீவி, ஏதோ ஒரு ஊசிமுனையால் சுட்டார். முடி கருகுகிற வாசனை வந்தது. காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. இதற்காகவா எட்டு மாதம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பிளாஸ்திரி ஒட்டியதும் அம்மா எழுந்து, "சார், அத குடுங்க" என்றாள்.

"எதை?"

"எடுத்தீங்களே, அத."

"அது எதுக்கும்மா?"

"ஊட்ல கேப்பாங்க சார்."

டாக்டர் தன் இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்.

நைனா மூன்றரைக்கு வந்தார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். அம்மா வாசலில் நின்றாள். பிளாஸ்திரியைப் பார்த்தார். அவர் கேட்டது ஒரே வார்த்தை.

"எங்க?"

அம்மா பஞ்சுப் பொட்டலத்தை நீட்டினாள். "இந்தாங்க. உங்களுது."

அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாங்கினார் என்பதை நான் பார்த்தேன். தாத்தாவுடைய பழைய மூக்குப்பொடி டப்பி ஒன்று பரணில் கிடந்தது. அதைத் துடைத்து, பஞ்சோடு உள்ளே வைத்து, சாமி அலமாரியில் வைத்தார். அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வழக்கம்போலச் சாப்பிட்டார்.

சாயங்காலம் தெரு வந்தது. துக்கம் விசாரிக்கிற மாதிரியேதான் வந்தார்கள். வாசலில் நின்று உச்சுக்கொட்டி, "நல்லாத்தானே இருந்திச்சு" என்றார்கள். "எத்தினி மணிக்கு எடுத்தாங்க?" என்று எதிர்வீட்டம்மா கேட்டாள். பதினொன்றேகால் என்றேன். "ராகு காலமில்ல" என்று ஆறுதலாகச் சொன்னாள். எருமைக்காரர் தூரத்தில் நின்று, தன்னால்தான் ஆகிவிட்டதோ என்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள். எட்டு மாதம் கழித்து அன்றைக்குத்தான் முந்தானை தோளிலேயே இருந்தது.

இரண்டு பேர் போகும்போது சாமி அலமாரிப் பக்கம் போய், டப்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அடுத்த மாதம், தள்ளிப்போய்க்கொண்டே இருந்த அந்த சூப்பர்வைசர் இண்டர்வியூ வந்தேவிட்டது. காலையில் நைனா மடிப்புக் கலையாத சட்டை போட்டு, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் "இந்தாமே, வா" என்றார். அம்மா வந்து நின்றாள். பிளாஸ்திரி போய், ரோஸ் நிறத்தில் ஒரு சின்னத் தழும்பு மட்டும் இருந்தது. அவர் கண் அங்கே போய், பிடி கிடைக்காமல் வழுக்கியது. திரும்ப உள்ளே போனார். பொடி டப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. குடத்தை நங்கென்று வைத்தாள்.

உள்ளே நடந்ததை அவரே வந்து சொன்னார். நான்கு ஆபீசர்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் மூத்தவர், பொடி போடுகிறவர், அன்றைக்குப் பார்த்துக் கொண்டுவர மறந்தவர். நைனா பயத்தில் டப்பியைக் கையில் எடுத்து மேஜைக்கடியில் உருட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பெரியவர் பார்த்துவிட்டார்.

"என்னய்யா, பொடியா? கொடு, கொடு."

மேலதிகாரி கையை நீட்டினால் எப்படி மறுப்பது? கொடுத்துவிட்டார். பெரியவர் ஆசையாகத் திறந்தார். பஞ்சு. பஞ்சைப் பிரித்தார். உள்ளே கறுப்பாக, சுருண்டுபோய், ஒன்று. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது என்னய்யா?"

"மச்சம், சார்."

"யாரோட மச்சம்?"

"என் சம்சாரத்தோடது, சார்."

அதற்குப் பிறகு பம்பைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லையாம். ஒருவர் தண்ணீர் குடித்தார். பெரியவர் கை கழுவ எழுந்து போனார். "நீங்க போகலாம்" என்றார்கள்.

வேலை வேறொருவருக்குப் போனது. கம்பெனியில் அன்று மாலைக்குள் நைனாவுக்கு 'மச்சம்' என்று பெயர் விழுந்தது. அதை ரிடையர் ஆகும்வரை அவர் சுமந்தார். அடுத்த வருடம் சூப்பர்வைசர் ஆனபோதும், கீழே இருந்தவர்கள் 'மச்சம் சார்' என்று மரியாதை சேர்த்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் அவர் சமையலறை வாசலில் நின்று, ஒரு வரி விடாமல், ரொம்ப சீரியஸாகத்தான் சொன்னார். அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். 'என் சம்சாரத்தோடது சார்' என்கிற இடம் வந்ததும் அரிவாள்மணையைத் தள்ளிவைத்தாள். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நானும் நைனாவும் பதறினோம். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்தாமல், பல் தெரிய, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நைனா முறைத்தார். இன்னும் கொஞ்சம் முறைத்தார். பிறகு அவரும் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

வெளியே அதற்குள் எதிர்வீட்டம்மா, "மச்சம் போச்சு, வேலையும் போச்சு, நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்திருந்தாள். நைனா விருட்டென்று எழுந்து கேட்டுக்குப் போனார். தெருவே கேட்கக் கத்தினார்.

"மச்சம் இல்லாம போவல! அத கையில வெச்சிகினு இருந்ததாலதான் போச்சு!"

டப்பியை அன்றே முருங்கை மரத்தடியில் புதைத்தார். அந்த வருடம் முருங்கை காய்த்துத் தொங்கியபோது, நடுவதற்கு ஒரு கிளை வேண்டும் என்று ஏழு வீட்டுக்காரர்கள் வந்து கேட்டார்கள்.

அம்மாவின் வேலை கொஞ்ச நாள் காலியாக இருந்தது. பிறகு எருமைக்காரர் புதிதாக வாங்கிய ஒரு வெள்ளைப் பசுவுக்கு அது போனது. வெளியே கிளம்புகிறவர்கள் அதை அவிழ்த்து எதிரே ஓட்டி வரச் சொல்வார்கள். "அதுக்காவது ஒரு வாழப்பழம் குடுக்குறாங்க" என்றாள் அம்மா.

நான் சொல்ல வந்தது இண்டர்வியூவுக்கு மறுநாள் காலையில் நடந்தது. நைனா சைக்கிளை கேட்டுக்கு வெளியே நிறுத்தினார். கூப்பிடவில்லை. ஆனால் போகவும் இல்லை. இருபது வருடப் பழக்கம், கால் மிதிக்கவில்லை. அம்மா தானாகவே வந்து நின்றாள். அவர் தழும்பைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்குமிங்கும் தடவினார். நெற்றி, கன்னம், புருவம். பிறகு மூக்கில் வந்து நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

"இன்னா அப்படிப் பாக்குறீங்க?" என்றாள் அம்மா.

"முன்ன ஒத்தக்கல்லு மூக்குத்திதானே போட்டிருந்த? எப்போ மாத்தின?"

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா முந்தானையை எடுத்தாள். வாயை மூட அல்ல, கண்ணைத் துடைக்க.

"இவ ரெண்டாவது படிக்கறப்ப" என்றாள். "பதினோரு வருசமாச்சு."

நைனா அன்றைக்கு ஷிஃப்டுக்குப் பத்து நிமிடம் லேட்.